அண்ணன் சொன்ன ஒரு பொய்யும் ஈஸ்டர் ஆப்பமும்

கோயிலில் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்து, கீழ் மண்டபத்தில் காலை உணவும் முடிந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் தங்கை வணக்கம் சொல்கிறேன். விரலில் தேங்காய்ப்பால் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் படியுங்கள். நல்ல தாளில் அச்சடித்திருக்கிறோம்.

மலரில் என்னென்ன எழுத வேண்டும் என்று வீட்டில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, பார்த்த வேலை, பண்புகள். பண்புகளில் முதல் வரி, "வாழ்நாளில் ஒரு பொய்யும் பேசாதவர்." அந்த வரியை நான் அடித்துவிட்டேன். அண்ணி கோபித்துக்கொண்டார். அம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன செய்வது? அண்ணன் ஒரு பொய் சொன்னார். எனக்காகச் சொன்னார். அந்தப் பொய்யால் தன் தொழிலில் தனக்கிருந்த நல்ல பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார். அடக்கத்தன்று அவருடைய கூட்டாளி மஞ்சு சார் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஒரு வருடமாக அது என் தொண்டையில் நிற்கிறது. இந்த மலரிலும் அதைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன தங்கை?

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒன்றில். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர். இறங்கி ஏறிய களைப்புக்குக் குடிக்கத் தொடங்கினார். பிறகு களைப்பில்லாத நாளிலும் குடித்தார். சுரங்கம் மூடுவதற்கு முன்பே அவர் போய்விட்டார். அப்போது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் விவேக் நகருக்கு வந்தார். குழந்தை இயேசு கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று அம்மாவுக்கு நம்பிக்கை.

பள்ளி முடித்ததும் அண்ணனுக்குக் கிடைத்த வேலை, ஊருக்கு வெளியே ஒரு பெரிய பீர் ஆலையில் டேங்க் கழுவுவது. வேறு யாராவது என்றால் வீட்டில் "கம்பெனி" என்று சொல்லிச் சமாளித்திருப்பார்கள். இவர் முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"உங்கப்பன் குடிச்சே போனான். நீ காய்ச்சவே கெளம்பிட்டியா? இன்னா ஜென்மம்டா இது!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"காய்ச்சலம்மா, கழுவறேன்."

"கழுவறவன் நாளைக்கு காய்ச்ச மாட்டானா?"

அம்மா சொன்னது பலித்தது. கழுவப் போனவர் அந்த வாசனைக்கு வசப்பட்டுவிட்டார். மது என்று நினைக்காதீர்கள். வாயில் ஒரு மடக்கு வைத்துச் சுழற்றிப் பார்த்துத் துப்பிவிடுவாரே தவிர, அண்ணன் குடித்து நான் பார்த்ததில்லை. அவரை மயக்கியது நொதிக்கிற வாசனைதான். ஆலையில் பன்னிரண்டு வருடம் இருந்து எல்லாம் கற்றுக்கொண்டார். பிறகு, சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்த மஞ்சு சாரோடு சேர்ந்து, இந்திரா நகர் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் நான்கே நான்கு டேங்குகளோடு சின்ன பீர்க்கூடம் ஆரம்பித்தார். அங்கேயே காய்ச்சி, அங்கேயே கிளாஸில் ஊற்றிக் கொடுக்கிற இடம். அண்ணனையும் மஞ்சு சாரையும் சேர்க்காமல் வேலைக்கு ஆறு பேர்.

அண்ணனை நினைத்தால் எனக்கு இப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பது போல ஆகிவிடுகிறது. முதலில் வாசனைதான் வரும். வேகவைத்த கோதுமை, அதன் மேல் எங்கிருந்தோ வருகிற பழுத்த வாழைப்பழம். அவர் சட்டையில், பையில், தலைமுடியில் எல்லாம் அது இருக்கும். கோதுமை பீரில் வாழைப்பழம் போடுவதேயில்லை. ஈஸ்ட் தானே அந்த வாசனையைக் கொண்டுவருகிறது. ஒருமுறை வாங்கிய ஈஸ்ட்டை அண்ணன் வீணாக்கவே இல்லை. ஒரு டேங்க் நொதித்து முடிந்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்ததற்கு ஊற்றுவார், அதிலிருந்து அதற்கு அடுத்ததற்கு. தயிருக்கு உறை எடுத்து வைக்கிறோமே, அப்படித்தான். வருடக்கணக்கில் அப்படியே வந்ததில் அதன் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக மாறி, வேறு எந்தக் கடை பீரிலும் இல்லாத ஒன்றாகிவிட்டது என்று குடித்தவர்கள் சொல்வார்கள்.

ஒரு மத்தியானம் என்னை அங்கே கூட்டிப்போனார். கடை திறக்காத நேரம். வெளியே மழை மூட்டம்; மழைமரத்தின், அதுதான் தூங்குமூஞ்சி மரத்தின், இலைகள் எல்லாம் மடங்கிக் கிடந்தன. டேங்கிலிருந்து ஒரு குழாய் கீழே வாளித் தண்ணீருக்குள் போனது. தண்ணீர் குளுக் என்றது. கொஞ்சம் கழித்து மறுபடி குளுக். அண்ணன் டேங்கின் மேல் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"கேக்குதா பாப்பா? அதுங்க மூச்சு விடுது."

நானும் காதை வைத்தேன். குளிர்ந்த இரும்பு. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. தூங்கி எழுந்தது போலத்தான் வெளியே வந்தேன்.

அந்த நான்கு டேங்கும் நிறைந்திருந்த வாரத்தில்தான் கொரோனா ஊரடங்கு வந்தது. பாட்டில் பீர் என்றால் அலமாரியில் இருக்கும். இது உயிரோடு இருக்கிற பீர். அதற்குக் குளிரும் வேண்டும், சீக்கிரம் குடிக்க ஆளும் வேண்டும். ஆளில்லை. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அண்ணனும் மஞ்சு சாரும் போய், நான்கு டேங்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் விட்டார்கள். தெரு முழுக்க நுரை ஓடியதாம். தெருநாய் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்ததாம். அதைச் சொல்லிச் சிரித்தார் அண்ணன். சிரித்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் ஷூவைக் கழற்றவில்லை.

கையில் மட்டும் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருந்தன. ஈஸ்ட். அரைத்த மாவு போல வெளுத்து, அடியில் கெட்டியாக. இரண்டையும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியை இறுக்காமல், சும்மா உட்கார வைத்திருந்தார். ஈஸ்ட் வாயு விடும். இறுக்கினால் ஜாடி வெடித்துவிடும். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு முதல் நாள் பாடமே அதுதானாம். வாரம் ஒருமுறை முளைகட்டி உலர்த்திய மால்ட் தானியத்தைக் குக்கரில் வேகவைத்து, வடித்து, ஆறவைத்து, அந்தத் தண்ணீரைத் தீனியாக ஊற்றுவார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தைகள் இல்லை. "எங்க வூட்டு கொழந்தை ஃப்ரிட்ஜுல தூங்குது, மெதுவா பேசுங்க" என்று அண்ணி கேலி செய்வார்.

கொஞ்ச நாளில் ஒரு ஜாடி புளித்து நாற்றமடித்துக் கெட்டுப்போனது. மீதி ஒன்றுதான். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது என்னவென்றால், உலகத்திலேயே மீதி அது ஒன்றுதான் என்பது. விமானம் இல்லை, கூரியர் இல்லை. புதிதாக எதையாவது வாங்கினாலும் அந்த வாசனை வராது. மஞ்சு சார் அண்ணனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். திரும்பத் திறக்கிற அன்று அதே பீரைக் கொடுக்க முடிந்தால் கடையை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இடத்தை ஒப்படைத்துவிட்டு, ஆறு பேரையும் அனுப்பிவிட்டு, இழுத்து மூட வேண்டியதுதான். வீட்டில் யாரும் பயப்படக் கூடாதென்று அண்ணன் இதை எங்களிடம் சொல்லவில்லை.

ஈஸ்டர் நெருங்கியது. கோயில் கதவு பூட்டியிருந்தது. வாழ்நாளில் ஈஸ்டர் பூசையைத் தவறவிடாத அம்மா, செல்போனில் பூசை பார்க்கச் சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"கோயிலும் இல்ல, ஆப்பமும் இல்லன்னா அது இன்னா ஈஸ்டர்?" என்றார்.

கோயிலுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பத்துக்கு முடியும் என்று நினைத்தேன். நான் வேலை பார்த்த கார்மெண்ட்ஸும் மூடியிருந்ததால் சும்மாதான் இருந்தேன். மாவைப் புளிக்கவைக்கக் கள் கிடைக்காது. கடையில் ஈஸ்ட் பொட்டலம் தீர்ந்துபோயிருந்தது; ஊரே வீட்டில் கேக் செய்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஜாடி என்னைப் பார்த்தது. ஈஸ்ட் என்றால் ஈஸ்ட்தானே?

புனித சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அரைத்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். மாவு அசையவில்லை. குளிரில் கிடந்த பீர் ஈஸ்ட் விழித்துக்கொள்ள நேரமாகும் என்று எனக்கென்ன தெரியும்? இன்னும் இரண்டு ஸ்பூன். அசையவில்லை. சோம்பேறி ஈஸ்ட் என்று திட்டிக்கொண்டே ஜாடியைக் கவிழ்த்து, கரண்டியால் வழித்துப் போட்டேன். இட்லி மாவு தீர்ந்தால் மறுநாள் ஆட்டிக்கொள்வதில்லையா, அதுபோல அண்ணன் வேறு செய்துகொள்வார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஜாடியைக் கழுவாமல் மூடி, பாத்திரம் கழுவும் தொட்டித் திட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். பாத்திரம் கழுவ எனக்கு உடம்பு வணங்காது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காலையில் மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்திருந்தது. என் கையால் அப்படியொரு ஆப்பம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. ஓரம் சரிகை போல முறுகி, நடு பஞ்சு போல உப்பியிருந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து இரண்டு சாப்பிட்டார். மூன்றாவதைக் கேட்டார். அண்ணன் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். கண்ணை மூடினார், டேங்கில் காதை வைக்கும்போது மூடுவாரே, அப்படி.

"இதுல இன்னா போட்ட பாப்பா?"

"உன் ஜாடிதாண்ணா. தீந்துபோச்சு. நாளைக்கு வேற ஊத்திக்கோ."

அண்ணி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் தட்டிலிருந்த ஆப்பத்தை மிச்சம் வைக்காமல், மெதுவாக, பூராவும் சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா பல நாளுக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் எழுந்து, "ஜாடி எங்க?" என்று கேட்டார்.

கழுவாத ஜாடியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடியிலும் ஓரத்திலும் ஒட்டியிருந்தது ஒரு தேக்கரண்டி இருக்குமோ என்னவோ. கொதிநீரில் போட்டெடுத்த ஸ்பூனால் சுரண்டி, ஒரு சின்னக் குப்பியில் தீனித் தண்ணீரோடு போட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். மஞ்சு சார் சொன்னது, ஆறு பேர், எல்லாம். நான் செய்தது எனக்குப் புரிந்தது.

அவர் மஞ்சு சாருக்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன், திட்டு வாங்கத் தயாராக.

"மஞ்சு, ஒரு தப்பு ஆயிடுச்சு. ஜாடி மூடிய இறுக்கி வச்சுட்டேன். வாயு கட்டி வெடிச்சுப்போச்சு. கொஞ்சந்தான் மீதி."

போனில் மஞ்சு சாரின் குரல் எனக்கும் கேட்டது. "ஏனப்பா, நீயா? நீ போய் மூடிய இறுக்குவியா?"

"ஆமாம்பா. நான்தான்."

"இர்லி பிடு, போகட்டும் விடு. ஆனது ஆயிடுச்சு. எத்தனை நாள் ஆகும், பாரு."

போனை வைத்ததும் நான் அழுதேன். "நான் சொல்றேண்ணா, நான்தான் கொட்டினேன்னு சொல்றேன்" என்றேன்.

"விடு பாப்பா. நான் மூடிய மறந்தேன்னா சிரிப்பாங்க. நீ கொட்டினன்னு தெரிஞ்சா திட்டுவாங்க. ஆறு வூட்டு திட்ட நீ தாங்குவியா? சிரிப்ப நான் தாங்கிக்கிறேன்."

குப்பி மூன்று நாள் செத்தது போலக் கிடந்தது. அந்த மூன்று நாளும் ஊரும் அப்படித்தான் கிடந்தது. ஆட்டோ சத்தம் இல்லை, பஸ் சத்தம் இல்லை. பகலா கனவா என்று தெரியாத வெயில் ஜன்னலில் வந்து விழும். அண்ணன் குப்பியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்பார். பீருக்காக அம்மா ஜெபித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான்காம் நாள் மத்தியானம் அண்ணன் குப்பியை என் காதில் வைத்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு கடுகு வெடிப்பதைவிட மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. "வந்துட்டாங்க" என்றார் அண்ணன். அவர் கன்னம் நனைந்திருந்தது.

குப்பியிலிருந்து பழைய ஜாடிக்கு, ஜாடியிலிருந்து பெரிய ஜாடிக்கு. கொஞ்ச நாளில் அரசாங்கத்திடமிருந்து நல்ல செய்தி வந்தது. கடையில் உட்கார வைத்துக் கொடுக்கக் கூடாது, ஆனால் கண்ணாடியிலோ ஸ்டீலிலோ அடைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். பெரிய ஜாடியை ஈரத்துணி சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு அண்ணன் விடிந்ததும் கடைக்கு நடந்தே கிளம்பினார். குலுங்குமென்று ஸ்கூட்டரில் போகவில்லை. வழியில் போலீஸ்காரர் தடுத்துக் கூடைக்குள் என்னவென்று கேட்டிருக்கிறார். தயிர் உறைக்குக் கன்னடத்தில் சொல்கிற வார்த்தையைச் சொல்லியிருக்கிறார் இவர். "ஹெப்பு, சார்." எட்டிப் பார்த்துவிட்டு, போ என்று விட்டுவிட்டாராம். "அது மட்டும் பொய்யில்லையா?" என்று கேட்டேன். "உறைதான பாப்பா அது? அதுல இன்னா பொய்?" என்றார்.

நான்கில் ஒரே ஒரு டேங்க்தான் ஓடியது. மற்ற மூன்றும் தூங்கின. பீர் தயாரானதும் எதில் கொடுப்பது என்று குழப்பம். கண்ணாடிக் குடுவைகளுக்குத் தட்டுப்பாடு. அப்போது அம்மா பரணிலிருந்து ஒரு ஸ்டீல் தூக்கை இறக்கச் சொன்னார். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்த தூக்கு.

"இதுல ஊத்திக் குடு. வூட்டுக்கு எடுத்துப்போய் குடிச்சா பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி குடிப்பான். அளவா குடிப்பான்" என்றார்.

அப்பாவைப் பற்றி அம்மா அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அண்ணன் அந்தத் தூக்கைத் தானே கழுவித் துடைத்து வைத்தார். மறுநாளே, வீட்டிலிருந்து மூடி போட்ட தூக்கு கொண்டுவாருங்கள் என்று மஞ்சு சார் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். மழைமரத்தடியில், இடைவெளி விட்டுப் போட்ட வட்டங்களில், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பால் வாங்க வந்தவர்கள் போலத் தூக்கோடு நின்றதை நான் பார்த்தேன். முதல் ஆள் அங்கேயே மூடியைத் திறந்து முகர்ந்தார். "அதேதான்!" என்று கத்தினார். மஞ்சு சார் உள்ளே போய் அழுதார்.

மால்ட் சக்கையை அண்ணி வெல்லம் சேர்த்து பிஸ்கட்டாகச் சுட்டார். அதுவும் விற்றது. மிஞ்சிய சக்கை சந்தாபுராவில் மஞ்சு சாரின் சொந்தக்காரர் மாட்டுக்கொட்டகைக்குப் போனது; பதிலுக்கு ஆறு வீட்டுக்கும் பால் வந்தது. பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆறு பேரில் ஒருவரையும் அனுப்பாமல் அந்தக் காலத்தைத் தாண்டினார்கள். தூங்கிய டேங்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன.

ஆனால் கேலி நிற்கவில்லை. "அண்ணா, மூடி லூசா இருக்கா?" என்று வேலை செய்கிறவர்கள் தினமும் கேட்பார்கள். மற்ற பீர்க்கூடக்காரர்கள்வரை அது பரவிவிட்டது. அண்ணன் சிரிப்பார். நான் அங்கே இருந்தால் என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பார்.

போன வருடம் அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். அதிகமும் தூக்கம். இடையில் விழிக்கும்போது எங்கிருந்தோ திரும்பி வந்தவர் போலப் பார்ப்பார். கடைசிக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கையைத் தட்டினார்.

"ஜாடிக்கு தீனி போட்டியா பாப்பா?"

"போட்டேண்ணா."

"மூடி?"

"லூசாத்தான் வச்சிருக்கேன்."

சத்தமில்லாமல் சிரித்தார். மறுநாள் காலை தூக்கத்திலேயே எங்களை விட்டுப் போனார்.

அந்தப் பதினோரு நாளும் அவரைத் தன் வீட்டு ஆளைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும், அடக்கத்துக்கு முன்னின்ற பங்குத் தந்தைக்கும் அன்பியக் குழுவினருக்கும், எங்கள் வாசலில் சமைத்து வைத்துவிட்டுச் சொல்லாமல் போன விவேக் நகர் அக்கம்பக்கத்தாருக்கும், சந்தாபுராவிலிருந்து இன்றும் பால் அனுப்புகிறவருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது. கடையில் அண்ணனின் பங்கை அண்ணியின் பெயரில் அப்படியே வைத்திருக்கும் மஞ்சு சாருக்கும், டேங்கில் இன்றும் காதை வைத்துப் பார்க்கிற அந்த ஆறு பேருக்கும் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் இத்தனை வருடம் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அண்ணன் ஒருநாளும் மூடியை இறுக்கியதில்லை. ஜாடியைக் கவிழ்த்தவள் நான். திட்டுவதாக இருந்தால் இப்போது திட்டுங்கள், மண்டபத்தில்தான் இருப்பேன்.

இன்னும் ஒன்று. இன்று காலை ஆப்பம் சாப்பிட்டபோது, மாவில் வாழைப்பழம் பிசைந்தார்களா என்று உங்களில் சிலர் யோசித்திருப்பீர்கள். பிசையவில்லை. இந்த முறை ஒரு ஸ்பூன்தான் எடுத்தேன், பொறுமையாகக் காத்திருந்தேன். மீதி என் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் தூங்குகிறது. மூடி லூசாகத்தான் இருக்கிறது, அண்ணா.